கண் ரெசிடென்சிக்கு முந்தைய இன்டர்ன் ஆண்டு: எலெக்டிவ்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு மின்னஞ்சல் வரும். கூடவே ஓர் எக்ஸெல் தாள். எலெக்டிவ் என்றால், ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சிக்கு முந்தைய இன்டர்ன் ஆண்டில் நாமே தேர்ந்தெடுத்துப் போகும் துறை. அந்த விருப்பங்களை வரிசைப்படுத்தி இரண்டு வாரத்துக்குள் அனுப்பச் சொல்லி இரண்டே வரி. அமெரிக்காவில் கண் மருத்துவத்துக்கான மேட்ச், அதாவது யாருக்கு எந்த ரெசிடென்சி என்ற ஒதுக்கீடு, எஸ்எஃப் மேட்ச் என்ற அமைப்பு வழியாக, மற்ற பெரும்பாலான துறைகளுக்கு முன்பே முடிந்துவிடும். அந்த மகிழ்ச்சி இன்னும் தெளியாத நேரத்தில் இந்தத் தாள் வருகிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்று தோன்றும்.

நான் அப்படித்தான் நிரப்பினேன். முதல் விருப்பம் கண், இரண்டாவது விருப்பமும் கண், மூன்றாவது ரேடியாலஜி. ரேடியாலஜிக்கு ஒரே காரணம், அங்கே போனால் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சீனியர் சொன்னதுதான்.

கேட்டது கிடைத்தது. ஜூலையும் ஆகஸ்டும் கண் கிளினிக்கின் இருட்டறையில், இன்னொருவர் பரிசோதிப்பதை எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பத்து மாதம் பொட்டாசியம், சோடியம், டிஸ்சார்ஜ் சம்மரி. அடுத்த ஜூலையில் நிஜமான கண் ரெசிடென்டாக அதே அறைக்குள் நுழைந்தபோது, கற்றதில் கால்வாசி கூடக் கையில் இல்லை. ஆனால் ரேடியாலஜியில் இடமில்லை என்று சொல்லி என்னைத் தள்ளிவிட்டார்களே ஒரு ருமட்டாலஜி (மூட்டு நோய்த்துறை) மாதம், அது இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

அந்த எக்ஸெல் தாளை இந்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலேயே படித்த நம் பிள்ளைகளும் உண்டு, ஊரில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு இங்கே வந்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு ஒரு வார்த்தை: இது எம்பிபிஎஸ் முடிவில் செய்யும் கட்டாயப் பயிற்சியான நம் ஊர் சிஆர்ஆர்ஐ போல அல்ல. அங்கே எல்லாத் துறைக்கும் சுற்று வைத்து, கண்துறைக்கு இரண்டு வாரம் ஒதுக்கி அனுப்பிவிடுவார்கள். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அவர்கள் கையில், சில வாரங்கள் உங்கள் கையில். அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் பேச்சு.

உங்கள் ஆண்டு எந்த வகை?

முன்பெல்லாம் இன்டர்ன் ஆண்டுக்கு ஒரு மேட்ச், கண்ணுக்கு ஒரு மேட்ச் என்று இரண்டு ஊரில் இரண்டு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். பாஸ்டனில் ஓர் ஆண்டு, அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு டெக்சஸ். இப்போது, ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ அமைப்பின் விதிப்படி, கண் ரெசிடென்சித் திட்டமே முதலாண்டையும் சேர்த்துத் தரவேண்டும். அதில் இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை ஒருங்கிணைந்தது. நான்கு ஆண்டும் கண்துறையின் பொறுப்பு. முதலாண்டிலேயே மூன்று மாதம் அளவுக்குக் கண்துறையில் இருப்பீர்கள், மீதி மற்ற துறைகளில். இரண்டாம் வகை கூட்டுத் திட்டம். முதலாண்டில் இன்டர்னல் மெடிசின், சர்ஜரி, ட்ரான்சிஷனல் (பல துறைகளைச் சுற்றி வரும் ஆண்டு) என்று வேறொரு துறையின் கணக்கில் இருப்பீர்கள். அட்டவணை போடுவதும் அந்தத் துறைதான்.

இது தெரியாமல் தாளை நிரப்பாதீர்கள். ஒருங்கிணைந்த திட்டத்தில் இருப்பவருக்குக் கண் மாதங்கள் எப்படியும் வந்து சேரும். அவர் எலெக்டிவ் இடத்திலும் கண் என்று எழுதினால், வீட்டில் விருந்து காத்திருக்க வழியில் ஓட்டலில் சாப்பிட்ட கதைதான். கூட்டுத் திட்டத்தில் இருப்பவருக்கு, அதிலும் மெடிசின் அல்லது சர்ஜரி கணக்கில் இருப்பவருக்கு, கண்ணைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. ட்ரான்சிஷனலில் எலெக்டிவ் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

கையில் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள்

பல இடங்களில் ஆண்டை நான்கு வாரக் கட்டங்களாகப் பிரித்து 13 கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் மாதக் கணக்கு. நான்கு வாரம் வார்டு, ஒரு வாரம் கிளினிக் என்று மாற்றி மாற்றி ஓடும் முறையும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எலெக்டிவ் சிறு துண்டுகளாகவும் கிடைக்கலாம்.

தலைமை ரெசிடென்டுக்கோ ஒருங்கிணைப்பாளருக்கோ எழுதி இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டாய ரொட்டேஷன்கள் (துறைச் சுற்றுகள்) எவை? எலெக்டிவ் எத்தனை வாரம்? விடுமுறையை எலெக்டிவ் வாரத்திலிருந்துதான் கழிப்பார்களா? எலெக்டிவில் இருக்கும்போது வேறு வார்டில் யாராவது லீவு போட்டால் உங்களைத்தான் இழுப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் புதிதாக வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பல மருத்துவமனைகளில் எலெக்டிவில் இருக்கும் இன்டர்ன்தான் ஆபத்துக்கால ஆள். எட்டு வாரம் எலெக்டிவ் என்று தாளில் இருக்கும். விடுமுறை மூன்று வாரம், ஜெபர்டி என்று அவர்கள் சொல்லும் அந்த மாற்று டூட்டி ஒரு வாரம் போக, நான்குதான் மிஞ்சும். நான்கு வாரத்துக்குத் திட்டம் போடுவதும் எட்டு வாரத்துக்குப் போடுவதும் வேறு வேறு.

இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்யப்போகிறீர்கள்?

எலெக்டிவைத் தேர்ந்தெடுக்க நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். இன்டர்ன் ஆண்டு முடிந்து கண்துறைக்குள் நுழையும் ஆண்டில், இரவு அழைப்புகளுக்குப் போகும் 'கால்' டூட்டியைப் பெரும்பாலும் நீங்கள்தான் பார்ப்பீர்கள். நடு இரவில் எமர்ஜென்சியிலிருந்து கூப்பிடுவார்கள். நீங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்து வேறொரு துறைக்குப் போன் செய்யவேண்டியிருக்கும். அப்படி எந்தத் துறைக்கு அடிக்கடி போன் போகும்? எந்தத் துறைக்காரர் போனை எடுத்ததும் கேட்கும் மூன்று கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது? அந்தத் துறைக்குப் போங்கள். கண்ணைக் கற்க உங்களுக்கு முழுதாக 36 மாதம் இருக்கிறது. குறைந்தது 86 கண்புரை அறுவை சிகிச்சைகளை முதன்மை அறுவையாளராகச் செய்யாமல் உங்களை வெளியே விடமாட்டார்கள். ஆனால் ருமட்டாலஜி கிளினிக்கில் உட்கார்ந்து ஒரு நோயாளியின் விரல் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்க இன்னொரு வாய்ப்பு வராது.

ருமட்டாலஜியிலிருந்தே தொடங்குகிறேன், என் ஓட்டு அதற்குத்தான். முதல் காரணம் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். ஐம்பது வயது தாண்டியவருக்கு வரும் ரத்தக்குழாய் அழற்சி நோய். தலைவலி, உச்சந்தலையில் சீப்பு பட்டாலே வலி, மென்று சாப்பிட்டால் தாடை வலி, அப்புறம் ஒரு நாள் ஒரு கண் இருண்டுபோகும். சிகிச்சை தாமதமானால் மற்றக் கண்ணும் சில நாட்களிலோ வாரங்களிலோ போகலாம். அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, கூடவே பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் அனுப்பிவிட்டு, பயாப்சிக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கவேண்டும். பார்வை பாதிக்கப்பட்டிருந்தால் வழக்கமாக மெத்தில்பிரட்னிசலோன் நாளுக்கு ஒரு கிராம் வரை, மூன்று நாள் ஊசி வழியாக. கன்னப்பொறி ரத்தக்குழாய் பயாப்சியைப் பல மருத்துவமனைகளில் கண் மருத்துவர்தான் செய்கிறார். ஆனால் அதற்கடுத்த மாதங்களில் ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது, 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற டோசிலிசுமாப் மருந்து யாருக்கு, எலும்புக்கும் சர்க்கரைக்கும் என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் ருமட்டாலஜியில்தான் பார்க்கக் கிடைக்கும்.

என்னுடைய அந்த மாதத்தில் ஒரு மூதாட்டி வந்தார். கழுத்தும் தோளும் வலிக்கிறது என்றுதான் அனுப்பியிருந்தார்கள். பேராசிரியர் சும்மா பேச்சுவாக்கில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இப்போதெல்லாம் சூப்தான், இறைச்சியை மென்றால் தாடை சோர்ந்துவிடுகிறது, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்றார் பாட்டி. பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தாடை வலிக்கிறதா என்று நேராகக் கேட்டால் பல பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.

இரண்டாவது காரணம் ஹைட்ராக்சிகுளோரோகுவின். லூபஸ், ருமட்டாய்டு நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை. உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பது 2016இல் அமெரிக்க கண் மருத்துவ அகாடமி சொன்ன வரம்பு. அதற்குள் இருந்தால் முதல் பத்து ஆண்டில் விழித்திரை பாதிப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே; இருபது ஆண்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட 20 விழுக்காடு. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து கூடுதல். கண் கிளினிக்கில் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துங்கள் என்று எழுதுவது எளிது. அந்த மாத்திரையை நிறுத்தியதும் லூபஸ் சீறிக் கிளம்பிய நோயாளியை ஒருமுறை பார்த்திருந்தால், அந்த வரியை எழுதும் முன் ருமட்டாலஜிஸ்டுக்குப் போன் செய்வீர்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், அடலிமுமாப் போன்ற மருந்துகளுக்கான ரத்தப் பரிசோதனை ஒழுங்கும் இங்கேதான் பழகும். யுவியைடிஸ் (கண்ணின் உள்ளழற்சி) கிளினிக்கில் அவை தினசரி வேலை.

ஒரு பக்கக் குறிப்பு. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளம் வயதிலேயே ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, கண்புரை அறுவை செய்தார். ருமட்டாலஜி கிளினிக்கில் அப்படிப்பட்ட கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அடுத்து நரம்பியல். வார்டு ரொட்டேஷனாகவே சில திட்டங்களில் இருக்கும். இல்லாவிட்டால் எலெக்டிவாகக் கேளுங்கள். ஆனால் வெறும் ஸ்ட்ரோக் வார்டில் நான்கு வாரம் ஓடுவதைவிட, மற்ற துறைகள் கூப்பிட்டால் போய்ப் பார்க்கும் கன்சல்ட் குழுவில் இரண்டு வாரமும் நியூரோ-ஆப்தல்மாலஜி (பார்வை நரம்பியல்) கிளினிக்கில் இரண்டு வாரமும் பிரித்துக் கேட்பது நல்லது. கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பின் வாதத்தில் கண்பாப்பா விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய் வீக்கம் என்று பயந்து உடனே ஆஞ்சியோகிராம் எடுக்கவேண்டும். வலியோடு வரும் ஹார்னர் சின்ட்ரோம் (இமை தாழ்ந்து கண்பாப்பா சுருங்குவது) என்றால் கழுத்துத் தமனியான கரோட்டிடில் கிழிசல் இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். விழித்திரை நடுத்தமனி அடைத்தால் அதுவும் ஒரு ஸ்ட்ரோக்தான், கண் கிளினிக்கில் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும் விஷயமல்ல. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது, ஸ்ட்ரோக் குழு போனில் கேட்கும் முதல் கேள்வி. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? பார்வை எத்தனை மணிக்குப் போனது என்று மட்டும் குறித்து வைத்திருக்கும் கண் ரெசிடென்ட் அந்த இடத்தில் திணறுவார். தூங்கி எழுந்தபோதே பார்வை இல்லை என்றால் அந்த இரண்டு நேரமும் வேறு வேறு.

முதுகுத்தண்டு நீரை எடுக்கும் லம்பார் பஞ்சரையும் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பார்வை நரம்பு வீங்கி வரும் நோயாளிக்கு ஓப்பனிங் பிரஷரை (அந்த நீரின் அழுத்தத்தை) படுத்த நிலையில் அளக்காமல், உட்கார வைத்து அளந்து அனுப்பும் ரிப்போர்ட்டுகள் வரும். கையில் ஒருமுறை செய்தவருக்குத்தான் அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று தெரியும்.

எமர்ஜென்சி பெரும்பாலும் கட்டாய ரொட்டேஷனிலேயே வந்துவிடும். வராவிட்டால் எலெக்டிவில் முதல் இடம் அதற்கே கொடுக்கலாம். அங்கே போனால் கண் நோயாளி வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுங்கள் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கண்ணில் இரும்புத்தூள், காரம் தெறித்தது, அடிபட்டுக் கண் கிழிந்தது எல்லாம் அங்கேதான் முதலில் வரும். காரம் என்றால் பெயர் ஊர் கேட்பதற்கு முன் தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவத் தொடங்கி, பிஹெச் 7 பக்கத்தில் வரும்வரை நிறுத்தக்கூடாது. கண் கிழிந்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே கண் அழுத்தம் அளக்கக்கூடாது; மேலே ஒரு கவசம், வாந்திக்கு மருந்து, டெட்டனஸ், ஆன்டிபயாட்டிக், வெறும் வயிறு, மெல்லிய வெட்டுகளில் சிடி. இரும்புத் துண்டு உள்ளே இருக்கலாம் என்றால் எம்ஆர்ஐ கூடவே கூடாது. கண்குழிக்குள் ரத்தம் தேங்கிக் கண் கல்லாக இறுகினால், இமையின் வெளியோரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைக்கும் லேட்டரல் கான்தாட்டமி. இதையெல்லாம் எமர்ஜென்சி மருத்துவர் எந்தச் சூழலில், எத்தனை பேரை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு செய்கிறார் என்று பார்த்துவிட்டால், பின்னாளில் போனில் அவரிடம் எரிந்து விழமாட்டீர்கள்.

இஎன்டியும் டெர்மட்டாலஜியும் (தோல்துறை) நல்ல இரண்டு வாரத் துண்டுகள். இஎன்டியில் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விடக் கற்றுக்கொண்டால் கண்ணீர்ப்பை அறுவைக்கு உதவும். சைனஸிலிருந்து கண்குழிக்குப் பரவும் தொற்றையும், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவருக்கு வரும் மியூக்கர் பூஞ்சையையும் அவர்களோடு சேர்ந்துதான் கையாளப்போகிறீர்கள். 2021இல் இந்தியாவில் கோவிட் அலையோடு கறுப்புப் பூஞ்சை வந்தபோது கண் மருத்துவரும் இஎன்டி மருத்துவரும் ஒரே மேசையில் நின்றதை ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டெர்மட்டாலஜிக்குப் போனால், தோல் புற்றை அடுக்கடுக்காக எடுக்கும் மோஸ் அறுவை நாளைக் கேட்டு வாங்குங்கள். இமையோரத்துக் கட்டிகளை எடுத்துவிட்டு மெல்லிய தோலைத் தைப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், கேட்டால் தைக்கவும் விடுவார்கள்.

எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் துறை), தொற்றுநோய்த்துறை இரண்டில் ஒன்று போதும். எண்டோகிரைனில் தைராய்டு கண் நோய்க்காக 2020இல் வந்த டெப்ரோடுமுமாப் மருந்து, அதனால் ஏறும் சர்க்கரை, கேட்கும் திறனில் வரும் கோளாறு ஆகியவற்றைப் பார்க்கலாம். தொற்றுநோய்த்துறையில் கண்ணில் வரும் சிஃபிலிஸுக்கு நியூரோசிஃபிலிஸ் போலவே 10 முதல் 14 நாள் பென்சிலின் ஊசி கொடுப்பதையும், காசநோய்க்கு எதாம்ப்யூட்டால் சாப்பிடுபவரின் நிறப்பார்வையை ஏன் சோதிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம்.

மயக்கவியல் இரண்டு வாரம் ஜாலியாகப் போகும். மாறுகண் அறுவையில் தசையை இழுத்ததும் இதயத்துடிப்பு சரிவதைத் திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். இழுப்பதை நிறுத்துங்கள் என்று மயக்க மருத்துவர் சொல்லும்போது உடனே கையை விடும் அறுவையாளராக வருவீர்கள். ரேடியாலஜிக்குப் போவதானால் நியூரோரேடியாலஜி அறையில் மட்டும் உட்காருங்கள். எலும்பு முறிவு எக்ஸ்ரே பார்த்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான்கு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மைதான், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

எலெக்டிவ் இல்லாத மாதங்களையும் வீணாக்காதீர்கள். ஐசியூவில் மூச்சுக்குழாய் போட்ட நோயாளியின் இமை சரியாக மூடாமல் கருவிழி காய்ந்துபோவதை நர்ஸ்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். பொது மருத்துவக் கிளினிக்கில் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எழுதும்போது இவருக்குக் கண்புரை அறுவை வரப்போகிறதா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவரின் ஐரிஸ் அறுவையின் நடுவே தொளதொளவென்று ஆடும் என்று 2005இல் எழுதப்பட்டதிலிருந்து கண்துறையில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை இறுக்கும், இதயத்துடிப்பைக் குறைக்கும் என்பதும் வார்டில் இருப்பவருக்குத்தான் உறைக்கும்.

கண் எலெக்டிவை எப்போது வைப்பது?

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம் என்கிறேன். அந்த நேரத்தில் கண்துறையில் புது ரெசிடென்ட்கள் வந்து எல்லோருமே தடுமாறிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குச் சொல்லித்தர ஆளிருக்காது. பிப்ரவரி முதல் மே வரை சரியான காலம். அப்போது அந்த ரெசிடென்ட்கள் ஓரளவு தேறியிருப்பார்கள், கற்றுத்தரும் மனநிலையிலும் இருப்பார்கள். நீங்கள் கற்றதும் ஜூலை வரை கையில் ஒட்டியிருக்கும்.

கேட்கும்போது ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குகளைக் கேட்காதீர்கள். விழித்திரைப் பேராசிரியரின் பின்னால் நான்கு வாரம் நிற்பதால் விழித்திரை தெரிந்துவிடாது. கன்சல்ட் சேவை அல்லது பொதுக் கண் கிளினிக் என்று கேளுங்கள். நான்கு வாரத்தில் கைக்கு வரவேண்டியவை சில: ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் தனியாக ஒரு கண்ணை முழுதாகப் பார்ப்பது, கோல்ட்மன் முறையில் கண் அழுத்தம் அளப்பது, கண்பாப்பாவின் எதிர்வினையைச் சரியாகச் சோதிப்பது, 20 டயாப்டர் லென்ஸ் வைத்து விழித்திரையைத் தேடிப்பிடிப்பது. கடைசியது கண்ணாமூச்சி ஆட்டம். பிம்பம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். முதல் இரண்டு வாரம் வெறும் வெளிச்சம்தான் தெரியும். சின்னப் பேப்பர் கப்பின் அடியில் ஏதாவது எழுதி ஒட்டி, விழித்திரை பார்க்கத் தலையில் மாட்டும் விளக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் பழகலாம். என் ரூம்மேட் என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தான், ஆனால் வேலை செய்தது.

மதுரைக்கோ வேறெங்கோ போய் எலெக்டிவ் செய்யலாமா என்று ஊர்க்காரப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அரவிந்தில் வெளிநாட்டு ரெசிடென்ட்கள் வந்து சிறுதுளைக் கண்புரை அறுவை கற்பது நெடுநாள் வழக்கம். ஆனால் முதலாண்டில் போனால் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். கத்தி பிடிக்கப் பழகிய பிறகு, மூன்றாம் நான்காம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்களை அடுக்குவது

ஐசியூவும் கனமான வார்டும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவே வந்தால் நல்லது. முதல் இரண்டு மாதத்தில் சாதாரண வார்டு. ஆர்டர் போடுவது, கம்ப்யூட்டர், ஆட்கள் எல்லாம் பழகிவிடும். வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது நான்கு வாரச் சராசரி என்பதையும் மறக்காதீர்கள். ஒரு வாரம் அதைத் தாண்டியும் போகும். இரண்டு கனமான கட்டத்தை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவது கட்டத்தில் எதுவும் மண்டையில் ஏறாது.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிப் படியான ஸ்டெப் 3 எழுதாதவர்கள் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போகும் ரொட்டேஷன் ஒன்றை அதற்காகவே வையுங்கள். ரேடியாலஜிக்கு நான் தரும் மதிப்பு இதுதான். தேர்வு இரண்டு நாள். இரண்டாம் நாள் கணினியில் நோயாளியை நடத்தும் பகுதிக்குத் தனியாகப் பழகவேண்டும், மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது. தேர்வுக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று அந்த ரொட்டேஷன் தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். கண் ரெசிடென்சி தொடங்கியபின் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்லிட் லாம்பையும் இதய செயலிழப்பையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

ஜூன் மாதம் நைட் டூட்டி வேண்டாம். இரவில் விழித்துப் பகலில் தூங்கிய உடம்போடு ஜூலை 1 அன்று கண் கிளினிக்கில் போய் நிற்பது கொடுமை.

தாளை நிரப்புவதும், அனுப்புவதும்

வெறும் வரிசை எண் போட்டு அனுப்பாதீர்கள். கூடவே நான்கு வரி எழுதுங்கள். நான் கண்துறைக்குப் போகிறேன், ருமட்டாலஜி கேட்பது யுவியைடிஸுக்காக, நியூரோ-ஆப்தல்மாலஜிக்கு ஏற்கெனவே அந்தக் கிளினிக்கில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன், இந்த மாதம் இல்லாவிட்டால் அந்த மாதமும் சரி. அட்டவணை போடும் தலைமை ரெசிடென்ட் முப்பது நாற்பது பேரின் விருப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். காரணமும் மாற்றுவழியும் எழுதியவரின் வேலைதான் சீக்கிரம் முடியும்.

பட்டியலில் இல்லாத எலெக்டிவையும் கேட்கலாம். அதற்கு அந்தத் துறையில் ஒருவர் பொறுப்பேற்று மதிப்பீட்டுப் படிவம் நிரப்பவேண்டும். ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். மருத்துவமனைக்கு வெளியே என்றால் காப்பீடு, ஒப்பந்தம் என்று மாதக்கணக்கில் இழுக்கும், ஆறு மாதம் முன்னால் தொடங்கவேண்டும். விசாவில் இருப்பவர்கள் வேறு இடத்தில் கால் வைக்கும் முன், மருத்துவமனையில் ரெசிடென்சிகளைக் கவனிக்கும் ஜிஎம்இ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்றார்கள் என்பது அங்கே செல்லாது.

கேட்டது கிடைக்காவிட்டால் இடம் மாற்றிக்கொள்ள யாராவது கிடைப்பார்கள். வார்டு வாரத்தை யாரும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள், எலெக்டிவுக்கு எலெக்டிவ் மாற்றுவது எளிது. மாற்றியதும் இரண்டு பேரும் ஒரே மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள்.

போன இடத்தில்

முதல் நாளே நான் கண்துறைக்குப் போகிறேன் என்று சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் வேலையில் ஒருநாள் முகம் காட்டிய பிறகு. சொன்னால் கண் சம்பந்தமான நோயாளியை உங்களுக்கென்று எடுத்து வைப்பார்கள். முதல் வார்த்தையாகவே சொன்னால் இவன் இங்கே ஒப்புக்கு வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு ரொட்டேஷனிலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலைக் குறித்து வையுங்கள்: கண் மருத்துவர்கள் உங்களைக் கூப்பிடும்போது எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? நான் கேட்டபோது ருமட்டாலஜி பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னது, "கண்ணுக்குள் எத்தனை செல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள், நோயாளிக்கு முதுகு வலிக்கிறதா என்று கேட்டிருக்கமாட்டார்கள்." முதுகுத்தண்டு அழற்சியோடு சேர்ந்து வரக்கூடிய ஹெச்எல்ஏ-பி27 யுவியைடிஸ் பற்றி எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு செலவுக் கணக்கு. கல்விப்படி என்று கொஞ்சம் பணம் பல திட்டங்களில் கொடுப்பார்கள், ஜூன் முடியும்போது காலாவதியாகிவிடும். கண் எலெக்டிவ் முடிந்த கையோடு, சீனியர்களின் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பார்த்து, 20 டயாப்டரும் 90 அல்லது 78 டயாப்டரும் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது வளையத்தில் பெயர் பொறித்துத் தரச் சொல்லுங்கள். பெயரில்லாத லென்ஸ் கண் கிளினிக்கில் ஒரு வாரம் தாங்காது.